133 சதவீதம் என்று வந்த கணக்கு: சேலம் பட்டறை ஒன்றில் ஃப்ளைவீல் ஜெனரேட்டர் சோதனை

பின்னணி

சேலம் அம்மாப்பேட்டைப் பக்கம் உள்ள ஒரு லேத் பட்டறையில் ஞாயிறு மதியங்களில் ஏழெட்டுப் பேர் கூடுவது வழக்கம். லேத் ஓட்டுபவர், மோட்டார் காயில் கட்டுபவர், விசைத்தறி வைத்திருப்பவர், ஐடிஐயில் எலக்ட்ரீஷியன் பிரிவில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர், ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட்டின் ரைட்டர் (கணக்கர்) என்று பல தொழில்காரர்கள். மின்சாரம், எரிபொருள் சம்பந்தமாக யாருக்கு என்ன யோசனை வந்தாலும் படம் வரைந்து ஜெராக்ஸ் எடுத்து எல்லோருக்கும் கொடுத்துவிடுவார்கள். ஜவ்வரிசி ஆலைக் கழிவுநீரில் எரிவாயு, தகர டிரம்மை வெட்டிச் செய்த காற்றாலை, கிழங்குத் தோல் உலர்த்தும் சூரியப் பெட்டி எல்லாம் இப்படிக் கைமாறியவைதான். காப்புரிமை கேட்பதில்லை, பணம் வாங்குவதில்லை. முதலில் ஊருக்குச் சொல்லிவிட்டால் பிறகு காப்புரிமைக்கு வேண்டிய புதுமை போய்விடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தார்கள்.

ஓர் ஆவணி மாதத்தில் பட்டறைக்காரர் கொண்டுவந்த படம் மற்றவற்றைப்போல் இல்லை. உள்ளே போகும் மின்சாரத்தைவிட வெளியே வருவது அதிகம், 100க்கு 133 என்று அதில் எழுதியிருந்தது. பக்கத்தில் ஒரு கைபேசி வீடியோவும் இருந்தது. ஈபி பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பத்து எல்இடி பல்புகள் 45 விநாடி மங்காமல் எரிந்தன.

இயந்திரத்தின் அமைப்பு

1 ஹெச்பி சிங்கிள் பேஸ் மோட்டார், 1440 ஆர்பிஎம். அதில் 4 அங்குலப் புல்லி. அங்கிருந்து பி-செக்‌ஷன் வி-பெல்ட் வழியாக 5¾ அங்குலப் புல்லிக்குப் போய், இரண்டு பிளம்மர் பிளாக்குகளில் (பேரிங் தாங்கிகளில்) நிற்கும் ஷாஃப்டைச் சுற்றும். அந்த ஷாஃப்டில் பழைய ஆயில் இன்ஜினிலிருந்து கழற்றிய வார்ப்பிரும்பு ஃப்ளைவீல் (கனமான சுழல் சக்கரம்): 60 கிலோ, 60 செ.மீ. விட்டம், நிமிடத்துக்குச் சுமார் 1000 சுற்று. மறுமுனையில் 6 அங்குலப் புல்லியிலிருந்து 4 அங்குலத்துக்கு இன்னொரு பெல்ட். கடைசியில் மின்சாரம் தரும் 3 கேவிஏ ஆல்டர்னேட்டர், 1500 ஆர்பிஎம்.

வேலை சுத்தமாக இருந்தது. ஷாஃப்ட் ஆட்டமில்லாமல் சுற்றியது, புல்லிகள் ஒரே கோட்டில் இருந்தன.

133 என்ற கணக்குக்குச் சுமையாக வைத்தவை வீடியோவின் எல்இடி அல்ல, பத்து பழைய 40 வாட் குழல்விளக்குகள், செம்புச் சோக் வைத்தவை. வெளியேற்றம் 230 வோல்ட், வயரைக் கவ்வி மின்னோட்டம் காட்டும் டாங் டெஸ்டரில் 4.3 ஆம்பியர். பெருக்கினால் 989. உள்ளீடு 1 ஹெச்பி, அதாவது 746 வாட். 989ஐ 746ஆல் வகுத்தால் 1.33. தாளில் இருந்த கணக்கு இவ்வளவுதான், மறைத்து வைத்தது எதுவுமில்லை. சோக் வைத்த குழல்விளக்கு என்பதுகூட எழுதியிருந்ததால்தான் பிழை ஒரே மதியத்தில் அகப்பட்டது.

சோதித்தே ஆக வேண்டும் என்ற முடிவு

ஆற்றலை உண்டாக்க முடியாது, பாடப்புத்தகத்திலேயே இருக்கிறது, இதற்கு எதற்குச் சோதனை என்று ஒருவர் கேட்டார். பாரிஸ் அறிவியல் கழகம் 1775லேயே நிரந்தர இயக்க இயந்திரங்களை இனிப் பரிசீலிப்பதில்லை என்று முடிவெடுத்துவிட்டது. இந்தியக் காப்புரிமைச் சட்டம், 1970இன் 3(அ) பிரிவும் நிலைபெற்ற இயற்கை விதிகளுக்கு வெளிப்படையாக முரணானதைக் கண்டுபிடிப்பாகவே கருதாது. கழகத்துக்கும் சட்டத்துக்கும் அது போதும். மீட்டரில் 4.3 என்று தன் கண்ணால் பார்த்தவருக்கு அது பதிலாகாது. எண் எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டும்.

அவசரத்துக்கு வேறொரு காரணமும் இருந்தது. மழைக்காலத்தில் மரம் விழுந்து மலையில் கரன்ட் போனால் எஸ்டேட்டில் தொழிலாளர்கள் இருக்கும் ஆறு லைன் வீடுகளும், காபிப் பழத்தின் தோலுரிக்கும் பல்ப்பர் கொட்டகையும் இருட்டாகிவிடும். அங்கே இதே இயந்திரத்தை வைக்க ரைட்டர் 40,000 ரூபாய் ஒதுக்கியிருந்தார், ஆல்டர்னேட்டருக்கு விலையும் பேசிவிட்டார்.

பேச்சோடு பேச்சாக ஒருவர் 1996இல் தமிழ்நாட்டைக் கலக்கிய மூலிகைப் பெட்ரோலை இழுத்தார். பட்டறைக்காரர் முகம் மாறிவிட்டது. பொருந்தாத ஒப்பீடு அது. அங்கே செய்முறை ரகசியமாக இருந்தது, இங்கே எல்லாம் தாளில் இருந்தது. ஏமாற்றையும் தவறையும் ஒரே தட்டில் வைத்தால் அடுத்த முறை யாரும் தாளைக் காட்ட மாட்டார்கள். சோதனையை இயந்திரம் செய்தவரே ஓட்ட வேண்டும், மற்றவர்கள் குறிப்பு மட்டும் எடுக்க வேண்டும் என்று முடிவானது நல்ல முடிவு.

ஓட்டுவதற்கு முன் கண்டது

முதலில் பார்த்தது ஃப்ளைவீலை. 650 சுற்றுக்கு வார்த்த சக்கரம் 1000 சுற்றில் ஓடிக்கொண்டிருந்தது. மைய விலக்கு விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். ஆகவே வார்ப்பின் மேல் விழுந்த இழுப்பு ஏறக்குறைய 2.4 மடங்கு. விளிம்பு வேகம் விநாடிக்கு 31 மீட்டர். வார்ப்பிரும்புச் சக்கரங்களுக்கு 30 மீட்டரைத் தாண்டாதே என்பது பழைய பட்டறைக் கணக்கு. கூண்டு கிடையாது, வீடியோவில் ஒரு பையன் சக்கரத்துக்கு நேரே நின்று பல்பு மாட்டிக்கொண்டிருந்தான். வாதத்தில் இருந்த எல்லாவற்றையும்விட அபாயமானது இதுதான், யாரும் அதைப் பேசியிருக்கவில்லை.

சக்கரத்தைக் கயிற்றில் தொங்கவிட்டுச் சிறு சுத்தியலால் எட்டு இடத்தில் தட்டினார்கள். எல்லா இடத்திலும் மணிபோல் நீண்ட ஓசை வந்தது. விரிசல் இருந்தால் 'டப்' என்று செத்த ஓசை வரும். ஆனாலும் இது முழு உத்தரவாதமல்ல, உள்ளே ஊதுகுழி இருந்தால் தட்டலில் தெரியாமலும் போகும். எனவே சக்கரத்தைச் சுற்றி இரண்டு அடுக்கு மணல் மூட்டை அடுக்கி, அது சுற்றும் தளத்துக்கு நேரே யாரும் நிற்கக்கூடாது என்று தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டார்கள்.

அடுத்து மோட்டார். இருபது நிமிடம் ஓடியதும் உடம்பில் கை வைக்க முடியவில்லை. 1 ஹெச்பி மோட்டார் 1 ஹெச்பிதான் இழுத்தால் இப்படிச் சுடாது. அப்போது காயில் கட்டுபவர் கேட்டார்: "ஏங்கண்ணா, நேம் பிளேட்ல போட்டிருக்கிற ஹெச்பி உள்ள போற கணக்குங்களா, ஷாஃப்ட்ல வர்ற கணக்குங்களா?"

பட்டறையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. நேம் பிளேட்டில் உள்ளது ஷாஃப்டில் வருவது. அதைக் கொடுக்க மோட்டார் உள்ளே வாங்குவது அதைவிட அதிகம். சிங்கிள் பேஸ் 1 ஹெச்பி மோட்டார் முழுச் சுமையில் 1000 வாட்டுக்கு மேலேயே இழுக்கும். இந்த மோட்டார் முழுச் சுமையில்தான் இருக்கிறதா, அதையும் தாண்டிவிட்டதா என்பது தாளில் இல்லை. உள்ளீட்டை யாரும் அளக்கவே இல்லை.

அளந்த விதம்

விலையுயர்ந்த கருவி எதுவும் வாங்கவில்லை. வாடகை வீடுகளில் மாட்டுவதுபோன்ற சப் மீட்டர் இரண்டு, ஒரே கம்பெனி, ஒரே மாடல், யூனிட்டுக்கு 3200 துடிப்பு. ஒன்றை மோட்டாருக்குப் போகும் வயரில், மற்றொன்றை ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் வயரில் மாட்டினார்கள். இவ்வகை மீட்டர் உண்மை வாட்டைத்தான் எண்ணும், வோல்ட்டையும் ஆம்பியரையும் வெறுமனே பெருக்காது. ஒரு சிவப்புத் துடிப்பு 1.125 கிலோ ஜூல்.

இயந்திரத்தை ஐந்து நிமிடம் ஓடவிட்டு வேகம் நிலைத்த பிறகுதான் எண்ணத் தொடங்கினார்கள். இல்லையென்றால் ஃப்ளைவீலில் ஏறுகிற அல்லது இறங்குகிற ஆற்றல் கணக்கைக் கெடுக்கும். பத்து நிமிடம், மீட்டருக்கு ஒருவர், ஐம்பது துடிப்புக்கு ஒரு கோடு.

முதல் ஓட்டம்: உள்ளே 709, வெளியே 283. மீட்டரிலேயே பிழை இருக்கலாம் என்று பட்டறைக்காரர் சொன்னார். நியாயமான சந்தேகம். இரண்டையும் இடம் மாற்றி மாட்டி மறுபடி ஓட்டினார்கள்: உள்ளே 704, வெளியே 285. வாட்டாக்கினால் உள்ளே ஏறத்தாழ 1330, வெளியே 530. திறன் 40 சதவீதம்.

இடையில் போன 800 வாட்டும் எங்கே என்று பிரித்துப் பார்த்தது பயனுள்ள வேலை. மோட்டாருக்குள் 425 வாட் சூடாக, ஆல்டர்னேட்டரின் இரும்பிலும் செம்பிலும் எக்ஸைட்டேஷனிலும் (அதன் காந்தத்தை உண்டாக்கும் மின்சாரத்திலும்) 255, இரண்டு பெல்ட், நான்கு பேரிங், ஃப்ளைவீல் கிழிக்கும் காற்று எல்லாம் சேர்த்து 120. ஷாஃப்டில் மோட்டார் கொடுத்துக்கொண்டிருந்தது 905 வாட், அதாவது நேம் பிளேட்டுக்கு 21 சதவீதம் மேல். கை சுட்டதற்குக் காரணம் அதுதான்.

989 எங்கிருந்து வந்தது

குழல்விளக்கின் சோக் ஒரு சுருள். மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குப் பின்னால் தங்கும். டாங் டெஸ்டர் காட்டிய 4.3 ஆம்பியரில் ஒரு பகுதி விளக்குக்குப் போய் ஒளியும் சூடுமாகிறது, மற்றது ஒவ்வொரு அரைச் சுற்றிலும் சோக்குக்குப் போய்த் திரும்பி வருகிறது. ஆகவே 989 என்பது வாட் இல்லை, வோல்ட்-ஆம்பியர். ஒரு விளக்குக்குக் குழலில் 40, சோக்கில் 13 என்று வைத்தால் பத்துக்கு 530. மீட்டர் சொன்னதும் அதுவே. 530ஐ 989ஆல் வகுத்தால் வருவதுதான் பவர் ஃபேக்டர், 0.54.

இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிடக் காட்டிவிடலாம் என்று ஐடிஐ வாத்தியார் ஒரு வேலை செய்தார். பத்து விளக்குகளையும் ஈபி சப்ளைக்கு மாற்றி, ஒவ்வொன்றுக்கும் குறுக்கே 4 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர் மாட்டினார். டாங் டெஸ்டர் 4.3இலிருந்து 2.4க்கு இறங்கியது. வெளிச்சத்தில் கடுகளவும் மாற்றமில்லை. மீட்டர் துடிப்பும் மாறவில்லை. பழைய கணக்குப்படி பார்த்தால், அதே விளக்கு அதே வெளிச்சத்துக்கு 133 சதவீதம் 74 ஆகிவிடுகிறது. பட்டறைக்காரர் டெஸ்டரை இரண்டு முறை கழற்றி மாட்டிப் பார்த்தார். (இதை ஆல்டர்னேட்டரில் செய்யக்கூடாது. சிறிய ஆல்டர்னேட்டரில் கெப்பாசிட்டர் சுமை ஏறினால் வோல்டேஜ் தாறுமாறாக உயரும்.)

989 வாட் வருகிறதென்றால் 1000 வாட் தண்ணீர் ராடு ஏறக்குறைய முழுசாக ஓட வேண்டும். ராடை மாட்டியதும் பெல்ட் கத்தியது, வோல்டேஜ் 190க்கு விழுந்தது. அந்த வோல்டேஜில் ராடு 680 வாட்தான் எடுக்கும். நான்காவது நிமிடத்தில் மோட்டார் ஸ்டார்ட்டரின் ஓவர்லோடு ரிலே விழுந்தது.

மீதி இருந்தது வீடியோவின் 45 விநாடி. சக்கரத்தைத் தட்டையான வட்டாக எடுத்துக்கொண்டால் 1000 சுற்றில் அதில் சேர்ந்திருப்பது சுமார் 14,800 ஜூல். பத்து எல்இடி பல்பு 90 வாட், ஆல்டர்னேட்டர் இழப்பும் உராய்வும் சேர்த்து ஷாஃப்டிலிருந்து போவது 220 வாட் சுமார். வேகம் 60 சதவீதத்துக்கு இறங்கும்வரை கிடைப்பது 9,500 ஜூல். வகுத்தால் 43 விநாடி. பல்பு மங்காததற்குக் காரணம் அதன் டிரைவர். வோல்டேஜ் இறங்கினாலும் அது அதே வாட்டை இழுத்துக்கொள்ளும், பிறகு சட்டென்று அணையும். பழைய குண்டு பல்பு மாட்டியிருந்தால் முதல் பத்து விநாடியிலேயே மங்குவது தெரிந்திருக்கும். 14,800 ஜூல் என்பது 4.1 வாட்-அவர். சட்டைப்பையில் உள்ள கைபேசியின் பேட்டரியில் இதைப்போல் மூன்று நான்கு மடங்கு இருக்கிறது.

ஆல்டர்னேட்டரின் வெளியேற்றத்தை மோட்டாருக்கே திருப்பிக் கொடுத்தும் பார்த்தார்கள். சில விநாடிகளில் நின்றது.

தாளை என்ன செய்வது

கிழித்துப்போடலாம் என்று பட்டறைக்காரர் சொன்னார். மற்றவர்கள் ஒப்பவில்லை. அதே தாளின் பின்பக்கத்தில் சோதனை முடிவு, மீட்டர் எண்ணிக்கை, கெப்பாசிட்டர் சோதனை, ஃப்ளைவீல் எச்சரிக்கை எல்லாவற்றையும் எழுதி, முன்பக்கத்தில் 133ஐச் சிவப்பு மையால் அடித்து 40 என்று திருத்தி, ஏற்கெனவே பிரதி வாங்கிய 23 பேருக்கும் கொடுப்பது என்று முடிவானது. இதில் மூன்று வாரம் தாமதம். அதற்குள் ராசிபுரம் பக்கம் ஒருவர் ஃப்ளைவீல் வாங்கிவிட்டார்.

அன்றிலிருந்து எந்த யோசனை வந்தாலும் தாளில் சில வரிகள் இல்லாமல் ஜெராக்ஸ் எடுப்பதில்லை. உள்ளீடு எதனால் அளந்தது, வெளியேற்றம் எதனால் அளந்தது, சுமை என்ன வகை, எத்தனை நிமிடம், தொடக்கத்திலும் முடிவிலும் மோட்டாரின் சூடு. உள்ளீட்டு இடத்தில் நேம் பிளேட் எண்ணை எழுதினால் தாள் திரும்பிவிடும்.

மலைமேல் நடந்தது

ரைட்டரின் தேவை அப்படியே இருந்தது. லைன் வீடுகளுக்கு ஒன்றுக்கு மூன்று 9 வாட் பல்பு என்றால் 162 வாட், கொட்டகைக்கு 100, கைபேசி சார்ஜர்கள். எல்லாம் சேர்ந்து 350க்குள். பல்ப்பர் மோட்டாரை ஓட்ட இது போதாது என்பதை முதலிலேயே சொல்லிவிட்டார்கள்.

எஸ்டேட்டுக்குள் ஒரு ஓடை இறங்குகிறது. நவம்பரில் 20 லிட்டர் வாளி 5 விநாடியில் நிறைந்தது, அதாவது விநாடிக்கு 4 லிட்டர். தெளிவான குழாயில் நீர்மட்டம் பார்த்துத் துண்டு துண்டாக அளந்ததில் 30 மீட்டர் உயரம். 160 மீட்டர் நீளத்துக்கு 75 மி.மீ. உள்விட்ட ஹெச்டிபிஇ குழாயில் உராய்வில் 2 மீட்டர் போகும். 28 மீட்டருக்கு 4 லிட்டர் என்றால் தண்ணீரில் இருப்பது 1100 வாட்.

டர்பைன் வாங்கவில்லை. 1.5 ஹெச்பி மூன்று பேஸ் மோனோபிளாக் பம்பை எதிர்த்திசையில் ஓட்டினார்கள், வெளியேற்று வாயில் தண்ணீர் உள்ளே போகும்படி. அப்போது பம்போடு சேர்ந்த மோட்டாரே ஜெனரேட்டராகும். காயில் கட்டுபவர் ஆறு முனைகளையும் வெளியே எடுத்து டெல்டாவாக்கினார். சிங்கிள் பேஸுக்கு சி-2சி இணைப்பு: ஒரு பேஸில் 20, அடுத்ததில் 40 மைக்ரோ ஃபாரட், இரண்டும் 440 வோல்ட் மோட்டார்-ரன் வகை. ஸ்டார்ட் கெப்பாசிட்டர் இங்கே சில நிமிடத்தில் வெடிக்கும். 40 தவறான பேஸில் விழுந்தால் மோட்டார் உறுமிச் சூடாகும். முதல் முறை அப்படித்தான் ஆனது, இரண்டு முனைகளை மாற்றியதும் அடங்கியது. கிடைத்தது 390 முதல் 410 வாட்.

பிறகு வந்த கோளாறுகள் வரிசையாக. இரண்டாம் நாள் பம்புக்குள் சுற்றும் இம்பெல்லர் கழன்றது. பம்ப் எதிர்த்திசையில் சுற்றுவதால் அதன் மறை தானாகத் திறந்துகொள்ளும், சாவி வெட்டி லாக் நட் போட்டார்கள். ஒருநாள் இரவு எல்லா வீடும் ஒரே நேரத்தில் விளக்கணைக்க, வோல்டேஜ் 300ஐத் தாண்டி எரிந்துகொண்டிருந்த நான்கு பல்புகள் போயின. அதற்குச் செய்தது எளிய வழி: மாடிப்படி விளக்குக்குப் போடும் இருவழி சுவிட்சு. விளக்கை அணைத்தால் அதே வாட் கொட்டகையில் உள்ள குண்டு பல்புக்குப் போகும், மொத்தச் சுமை மாறாது. சுமையோடு நிறுத்தியதில் ஒருமுறை மோட்டாரின் இரும்பில் தங்கியிருக்க வேண்டிய காந்தம் செத்து மின்சாரமே வரவில்லை. பம்பை நிறுத்தி, ஒரு சுருளில் 12 வோல்ட் பேட்டரியை மூன்று விநாடி தொட்டு எடுத்ததும் அடுத்த ஓட்டத்தில் வந்தது. சில்வர் ஓக் இலைதான் தீராத தொல்லை. தண்ணீர் குழாய்க்குள் நுழையும் தலைக்கட்டில் 5 மி.மீ. துளைத் தகட்டை 45 பாகையில் சாய்த்து வைத்த பிறகு இலை வழுக்கிப் போகிறது. ஆனாலும் காற்றடித்த நாளில் இரண்டு முறை துடைக்க வேண்டும்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

ஃப்ளைவீல் விஷயத்தில் அளவுக்கு முன்னால் பாதுகாப்பைக் கேட்டிருக்க வேண்டும். முதல் வீடியோ வந்த அன்றே கூண்டு இல்லாததைச் சொல்லியிருக்கலாம். திருத்தத் தாளை மூன்று வாரம் வைத்திருந்ததற்கு எந்தக் காரணமும் இல்லை. எண்ணிக்கை முடிந்த மறுநாளே போயிருக்க வேண்டும்.

ஓடையில் நடந்தது வேறு வகைத் தவறு. அளந்தவர்கள் நவம்பரில், நல்ல மழையில் அளந்தார்கள். பம்பை டர்பைனாக ஓட்டும்போது ஓட்டத்துக்கு ஏற்ப இதழ்களைத் திருப்ப வழியில்லை. பாதித் தண்ணீர் என்றால் பாதி மின்சாரம் வராது, ஏறக்குறைய ஒன்றுமே வராது. ஜனவரிக் கடைசியில் ஓட்டம் 2.5 லிட்டருக்குக் கீழே போனதும் உற்பத்தி நின்றது. பழம் பறித்து பல்ப்பர் ஓடும் மாதங்களில் பெரும்பகுதிக்குக் கிடைத்தது, கோடைக்குக் கிடைக்கவில்லை. ஒருவகையில் குழுவினர் பட்டறையில் பிடித்த தவறுதான் இது. ஒரு நல்ல நாளின் எண்ணை எல்லா நாளுக்கும் எடுத்துக்கொண்டார்கள்.

ஏப்ரலில் அதே வாளி நிறைய 28 விநாடி ஆனது. இப்போது பல்ப்பர் கொட்டகைக் கதவின் உட்புறம் ஒரு நோட்டு தொங்குகிறது. வாரம் ஒருமுறை வாளி நிறையும் விநாடிகளை ரைட்டர் அதில் எழுதுகிறார். ஒரு வருடக் கணக்கு நிறைந்த பிறகு, குறைந்த ஓட்டத்துக்கென்று அரை ஹெச்பி பம்ப் ஒன்றைப் பக்கத்தில் வைக்கலாமா என்று பார்ப்பதாக இருக்கிறார்கள்.